நகரை விட்டு நஞ்சைக்கு

 

"பேசாமல் ஊருக்கே போய்விடலாமா?" இந்தக் கேள்வி இன்று நகரங்களில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் இரவுச் சாப்பாட்டிற்குப் பின் எழுகின்றது. வாடகை ஏறுகிறது. குடிநீருக்குக் குடத்தோடு காத்திருக்க வேண்டியுள்ளது. பிள்ளைகள் மண்ணைத் தொடாமலே வளர்கிறார்கள். உண்ணும் அரிசியும் காய்கறியும் எங்கு, எப்படி விளைந்தன என்பது எவருக்கும் தெரியவில்லை. இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கும் குடும்பத் தலைவருக்குப் பாட்டனார் உழுத நிலம் நினைவுக்கு வருவது இயல்பே. 2020ஆம் ஆண்டில் கொரோனா ஊரடங்கு வந்தபோது நகரத்தில் கடையடைத்து ஊர் திரும்பியவர்களில் சிலர், அந்தச் சில மாதங்களிலேயே இந்த எண்ணத்தை மனத்தில் ஊன்றிக்கொண்டார்கள்.

எண்ணம் நல்லதே. ஆனால் ஒரு குடும்பம் இடம்பெயர்வது, ஓர் ஆடவரின் ஆசையை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடிய காரியமன்று. மனைவியின் வாழ்வு, பிள்ளைகளின் படிப்பு, உடன்பிறந்தவர்களின் உரிமை, கையிலிருக்கும் சேமிப்பு ஆகிய நான்கும் அதில் அடங்கியிருக்கின்றன. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தை முன்வைத்து இதைச் சற்று விரிவாக ஆராய்வோம். வேறு மாவட்டங்களில் வாழும் வாசகர்கள் தத்தம் ஊருக்கு ஏற்ப இதைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

வணிகர்கள் வேளாண் ஊருக்கு வந்தபோது

நகரத்து மக்கள் உழவர்களின் ஊருக்குக் குடிபெயர்ந்த நிகழ்ச்சி நமக்குப் புதியதன்று. ஹிஜ்ரத்தை இந்தக் கண்ணோட்டத்தில் நாம் அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை. மக்கா, பயிர் விளையாத பள்ளத்தாக்கில் அமைந்த வணிக நகரம். மதீனாவோ பேரீச்சந் தோப்புகளும் கிணறுகளும் நிறைந்த வேளாண் ஊர். கணக்கும் பயணமும் சந்தையும் அறிந்த முஹாஜிர்கள், மண்வெட்டியும் நீர்ப்பாசனமும் அறிந்த அன்சாரிகளிடையே வந்து சேர்ந்தார்கள்.

வந்தவர்களுக்கு அந்த ஊர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஹஜ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்களும் பிலால் (ரலி) அவர்களும் காய்ச்சலில் வீழ்ந்தார்கள். மக்காவின் புற்களையும் சுனைகளையும் எண்ணி ஏங்கினார்கள். ஈமானில் உறுதி மிக்க அந்தப் பெருமக்களுக்கே புதிய ஊரின் நீரும் காற்றும் பழகக் காலம் பிடித்தது. அவ்வாறிருக்க, நகரத்தில் பிறந்து வளர்ந்த உங்கள் மனைவி கிராமத்தில் முதல் மாதத்தில் கண் கலங்கினால் அதைக் குறையாக எண்ணலாகாது.

தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்த அன்சாரித் தோழரிடம், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் கடைவீதிக்கு வழி கேட்டார்கள். தாம் அறிந்த தொழிலைக் கைவிடாமல், பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று முன்னேறினார்கள். புதிய ஊருக்குச் செல்கிறவர் பழைய தொழில் முழுவதையும் முதல் நாளிலேயே மூட்டை கட்டிவிட வேண்டியதில்லை என்பதை இதிலிருந்து நாம் கற்கலாம்.

இன்னொன்றும் உண்டு. பேரீச்சம் பாளைகளுக்கு மகரந்தம் சேர்க்கும் வழக்கத்தைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு கருத்தைச் சொல்ல, மக்கள் அவ்வழக்கத்தை விட்டுவிட்டார்கள். அவ்வாண்டு விளைச்சல் குறைந்தது. அப்போது, உலகக் காரியங்களை நீங்களே நன்கறிவீர்கள் என்ற பொருள்பட அண்ணலார் அறிவித்ததை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. அல்லாஹ்வின் தூதரே உழவரின் அனுபவத்திற்கு அந்த இடத்தை அளித்திருக்கிறார்கள் என்றால், நான்கு புத்தகங்களைப் படித்துவிட்டு வயலில் இறங்குகிற நாம், தலைமுறைகளாக உழுகிறவரிடம் எத்துணைப் பணிவுடன் கேட்க வேண்டும்!

நம் பக்கத்து உழவர்கள்

தமிழக முஸ்லிம்கள் என்றாலே வணிகர்கள், கடலோடிகள் என்று எண்ணுவோர் உண்டு. காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒருமுறை சென்றால் அந்த எண்ணம் மாறிவிடும். வீராணம் ஏரியை ஒட்டி லால்பேட்டை, கொள்ளுமேடு, எள்ளேரி, ஆயங்குடி என்று நம் மக்கள் வாழும் ஊர்கள் இருக்கின்றன. லால்பேட்டையின் பெயரைக் கேட்டதும் ஆலிம்களுக்கு ஜாமிஆ மன்பவுல் அன்வார் அரபிக் கல்லூரி நினைவுக்கு வரும். மற்றவர்களுக்கு வெற்றிலை நினைவுக்கு வரும். கல்வியும் கொடிக்காலும் அருகருகே வளர்ந்த ஊர் அது.

கொடிக்கால் வேலை பொறுமையின் பாடம். முதலில் நிலத்தை ஆழக் கொத்தி, நீண்ட பாத்திகளும் அவற்றிற்கிடையே வடிகால்களும் எடுக்க வேண்டும். அகத்தி விதைத்து அது ஓரளவு வளர்ந்த பிறகே வெற்றிலைக் கொடியை ஊன்றுவார்கள். அகத்தி நிழலும் தரும்; கொடி ஏறுவதற்குக் கொம்பாகவும் நிற்கும். கொடி ஏற ஏற அதை அகத்தியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே வர வேண்டும். மிக உயர்ந்துவிட்டால் இறக்கிக் கட்ட வேண்டும். வெற்றிலைக்குத் தண்ணீர் எப்போதும் வேண்டும். ஆனால் தேங்கினால் வாடல் நோய் புகுந்துவிடும். இலையை ஒவ்வொன்றாகக் கையால் கிள்ளி, எண்ணி, கவுளியாக அடுக்குவதுவரை ஆள் வேலைதான். இவ்வளவையும் தெரிந்தவர்களின் பிள்ளைகளே பலர் வளைகுடா நாடுகளுக்குச் சென்றுவிட்டார்கள். மாதச் சம்பளம் தந்த நிம்மதியைக் கொடிக்கால் தரவில்லை என்பதே அதற்குக் காரணம். ஊருக்குத் திரும்ப விரும்புகிறவர் இதை மறைக்காமல் எண்ணிப் பார்க்க வேண்டும். நீங்கள் எதை நோக்கிச் செல்லப் போகிறீர்களோ, அதை விட்டு வெளியேறியவர்கள் அறிவற்றவர்கள் அல்லர்.

தண்ணீரின் நாட்காட்டி

சிதம்பரம் பகுதியில் நிலம் வாங்குகிறவர் முதலில் அறிய வேண்டியது தண்ணீர் வரும் வழி. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் நாள் திறப்பது மரபு. நீர் இருப்பைப் பொறுத்து அந்நாள் முந்துவதும் உண்டு. பல ஆண்டுகளில் மாதக்கணக்கில் பிந்தியதும் உண்டு. காவிரியில் வரும் நீர் கொள்ளிடம் வழியாகக் கீழணையை அடைந்து, அங்கிருந்து வடவாறு வாயிலாக வீராணம் ஏரிக்கு வருகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 10ஆம் நூற்றாண்டில் அமைந்த ஏரி இது. வீரநாராயணன் என்ற அம்மன்னனின் பட்டப்பெயரே வீராணம் என்று மருவியது. அதன் முழு நீர்மட்டம் 47.5 அடி, கொள்ளளவு 1465 மில்லியன் கன அடி. சுற்று வட்டாரத்தில் நாற்பதாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் அதை நம்பி இருக்கிறது. 2004ஆம் ஆண்டு முதல் சென்னை மாநகரின் குடிநீருக்கும் இங்கிருந்து குழாய் செல்கிறது. சென்னையில் குழாயடியில் நின்று சலித்து, கிராமத்திற்குப் போகலாம் என்று எண்ணும் குடும்பம், தான் இத்தனை நாளும் குடித்த நீரின் ஒரு பங்கு இந்த வயல்களின் அண்டையிலிருந்தே வந்தது என்பதையும் அறிந்துகொள்ளட்டும்.

இப்பகுதி காவிரிப் பாசனத்தின் கடைமடை. மேலே தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை. மேலே தண்ணீர் மிகுந்தால் முதலில் மூழ்குவதும் கடைமடையே. ஏரி நிரம்பினால் உபரி நீரை லால்பேட்டை அருகிலுள்ள வெள்ளியங்கால் ஓடை வழியாக வெளியேற்றுவார்கள். அந்த ஆண்டுகளில் காட்டுமன்னார்கோயில் சுற்றுப்புற வயல்களில் நட்ட பயிர் நாட்கணக்கில் நீருக்குள் நிற்கும். 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் கடலூர் மாவட்டம் பட்ட பாட்டை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு முன் 2011 டிசம்பர் 30ஆம் நாள் வீசிய தானே புயல், பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. நெல் போனால் அடுத்த பட்டத்தில் விதைக்கலாம்; முந்திரியும் பலாவும் போனால் மீண்டும் பலன் காண ஆண்டுகள் ஆகும். கடலோரத்தை நெருங்க நெருங்க, பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கங்களில் நிலத்தடி நீரில் உப்பு ஏறியுள்ள இடங்களும் உண்டு. எனவே நிலம் பார்க்கச் செல்கிறவர் வரப்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பாமல், கிணற்று நீரைக் குடித்துப் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை என இரு பருவத்திலும் சென்று பார்க்க வேண்டும்.

வருமானத்தின் நாட்காட்டியும் வேறானது. சம்பா நெல் இரகத்திற்கு ஏற்ப நான்கரை மாதம் முதல் ஐந்து மாதத்திற்கு மேலும் வயலில் நிற்கும். ஆவணி, புரட்டாசியில் விதைத்தால் தை, மாசியில் அறுவடை. அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன்பே, ஈரம் காயுமுன், நிற்கும் நெற்பயிருக்குள் உளுந்தையோ பச்சைப்பயறையோ தெளித்துவிடுவது டெல்டாவின் பழைய வழக்கம். உரச் செலவும் உழவுச் செலவும் இல்லாத அந்த உளுந்துதான் பல குடும்பங்களில் கடனை அடைக்கிறது. நெல்லைக் கொள்முதல் நிலையத்திற்குக் கொண்டு சென்றால் ஈரப்பதம் 17 விழுக்காட்டிற்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பனி பெய்யும் தை மாதத்தில் அந்த 17 என்ற எண் உழவரின் உறக்கத்தைக் கெடுக்கும். நகரத்தில் மாதம் முதல் தேதி வந்த பணம், இங்கே ஆண்டில் இருமுறை வரும். சில ஆண்டுகளில் ஒருமுறையும் வராது.

இவ்வளவையும் கேட்டு மனம் தளர வேண்டாம். நன்மைகளும் கண்கூடு. 2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்கள் சேர்க்கப்பட்டுள்ளன. எண்ணெய், எரிவாயு எடுப்பது போன்ற புதிய தொழில்கள் அங்கு வருவதற்கு அச்சட்டம் தடை விதிக்கிறது. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், அதன் வேளாண் புலமும் இருக்கின்றன. இயற்கை வேளாண்மைக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்டு 2013இல் மறைந்த நம்மாழ்வார் அவர்கள் வேளாண்மை படித்தது அங்கேதான்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

கடலூரில் எங்கள் மத்ரஸாவிற்குப் பிள்ளைகளை அனுப்பும் ஒரு குடும்பம். தந்தை நகரத்தில் சிறு கடை நடத்துகிறார். அவருடைய தகப்பனார் காட்டுமன்னார்கோயில் வட்டத்தில் நான்கு ஏக்கர் நன்செய் விட்டுச் சென்றிருக்கிறார். "ஹஜ்ரத், எனக்கும் அண்ணனுக்கும் ஆளுக்கு இரண்டு ஏக்கர். கடையைக் கொடுத்துவிட்டு அங்கேயே போய்விடலாமென்று நினைக்கிறேன்" என்று அவர் ஆலோசனை கேட்க வந்தார்.

"உங்களுக்குச் சகோதரி இல்லையா?" என்று கேட்டேன். பரங்கிப்பேட்டையில் மணமுடித்துக் கொடுத்த ஒரு சகோதரி இருக்கிறார். தாயாரும் உயிரோடு இருக்கிறார்கள். "தங்கச்சிக்கு நகை போட்டுத்தானே கட்டிக் கொடுத்தோம்?" என்றார்.

வாசகர்களே, நம் வீடுகளில் நாள்தோறும் ஒலிக்கும் வாசகம் இது. திருமணத்தில் போட்ட நகை வாரிசுரிமைக்கு ஈடாகாது. தகப்பனார் உயிருடன் இருக்கும்போது மகளுக்கு அளித்தது அன்பளிப்பு; அவர் மறைந்த பின் மகளுக்குச் சேர்வது அல்லாஹ் விதித்த பங்கு. காகிதமும் பேனாவும் எடுத்து அவர் முன்னிலையிலேயே கணக்கிட்டோம். நான்கு ஏக்கர் என்பது 400 சென்ட். மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, 50 சென்ட். எஞ்சிய 350 சென்ட்டை ஐந்து பாகமாக்கினால் ஒரு பாகம் 70 சென்ட். மகன்கள் இருவருக்கும் தலா இரண்டு பாகம், 140 சென்ட். மகளுக்கு ஒரு பாகம், 70 சென்ட். தமது இரண்டு ஏக்கர் என்று அவர் இத்தனை ஆண்டுகள் எண்ணியிருந்தது, உண்மையில் ஒன்றே கால் ஏக்கருக்குச் சற்று மேல்.

விவசாய நிலத்திற்கு ஷரீஅத் சட்டம் பொருந்தாது என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கியே இயற்றப்பட்டது உண்மை. ஆனால் சென்னை மாகாணம் 1949ஆம் ஆண்டிலேயே திருத்தம் செய்து விவசாய நிலத்தையும் அதற்குள் கொண்டுவந்துவிட்டது. எனவே நம் மாநிலத்தில் இந்தச் சாக்குக்கு மார்க்கத்திலும் இடமில்லை, சட்டத்திலும் இடமில்லை.

அந்தச் சகோதரர் நீண்ட நேரம் பேசவில்லை. பின்னர் பரங்கிப்பேட்டைக்குச் சென்று தங்கையைப் பார்த்திருக்கிறார். அந்தப் பெண்மணி சொன்ன மறுமொழியை அவரே வந்து கூறினார்: "அண்ணே, நிலத்தை விற்கச் சொல்ல மாட்டேன். என் பேரில் எழுதி வைங்க. நீங்களே உழுங்க. வாப்பா நிலத்து நெல்லுன்னு வருஷம் ஒரு மூட்டை என் வீட்டுக்கு வரணும்." பங்கு தங்கையின் பெயரில் பதிவாயிற்று. நிலம் சுருங்கிற்று, ஆனால் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க வழி பிறந்தது.

அடுத்து, நிலத்தை வாரத்திற்கு உழுது வந்த முதியவர் ஒருவர் இருந்தார். தமிழ்நாட்டில் 1955ஆம் ஆண்டின் சாகுபடிதாரர் பாதுகாப்புச் சட்டம் உழுகிறவருக்கு உரிமை அளிக்கிறது. நினைத்தவுடன் வெளியேற்ற முடியாது. சட்டம் இல்லாவிட்டாலும், இருபது ஆண்டுகள் அந்த மண்ணைக் காத்தவரை ஒரே நாளில் வரப்பை விட்டு இறங்கச் சொல்வது முறையாகாது. அவரையே கூட்டாளியாக வைத்து ஒரு பட்டம் செய்து பார்ப்பதென்று முடிவாயிற்று.

எல்லாம் பேசி முடிந்த பின் அந்த வீட்டு அம்மையார் ஒன்று கேட்டார்கள்: "ஹஜ்ரத், அவங்களுக்கு அங்கே நிலம் இருக்கு, அண்ணன் இருக்காங்க, பள்ளிவாசல் இருக்கு. எனக்கு அங்கே யார் இருக்காங்க? புள்ளைக்குக் காய்ச்சல்னா நான் யார் வீட்டுக் கதவைத் தட்டுவேன்?" ஏரி நீர்மட்டமும் கொள்முதல் விலையும் கேட்டறிந்த கணவருக்கு இந்தக் கேள்விக்கு உடனே விடை கிடைக்கவில்லை. ஊர் திரும்பும் குடும்பங்கள் தோற்றுத் திரும்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆடவர் தொழுகையின் ஐந்து வேளையிலும் நட்பு தேடிக்கொள்வார். பெண்ணோ நான்கு சுவருக்குள் தனித்து விடப்படுவாள். ஆகவே குடிபோகும் முன், அந்த மஹல்லாவில் பெண்கள் மத்ரஸா உண்டா, உறவில் ஒரு பெரியம்மாவோ மாமியோ உண்டா, அருகிலுள்ள மருத்துவமனை எத்தனை தொலைவு, இரவில் வண்டி கிடைக்குமா என்பதை அம்மையார் தாமே நேரில் சென்று விசாரிப்பதே முறை.

கூடி வாழ்ந்த ஒரு பண்ணை

உறவினர் ஊர் வேண்டாம், ஒத்த கருத்துடையோர் பலர் கூடி நிலம் வாங்கிச் சேர்ந்து வாழலாமே என்று எண்ணுவோரும் உண்டு. புதுவையை அடுத்து 1968இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லைப் பார்த்துவிட்டு வந்து இப்படிப் பேசுவோர் கடலூரில் இருக்கிறார்கள். இதற்கு இன்னும் பழைய முன்மாதிரி ஒன்றுண்டு. 1910ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில், ஜோஹன்னஸ்பர்க் நகரிலிருந்து 21 மைல் தொலைவில், காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையைத் தொடங்கினார். அவருடைய நண்பர் ஹெர்மன் காலன்பாக் அதற்காக 1100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றி அளித்தார். சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் நகரத்தை விட்டு அங்கே குடியேறின. அவர்களில் தமிழர்கள் பலர். முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர், பார்சி அனைவரும் இருந்தனர். வேலையாள் என்று எவரும் கிடையாது. சமையல் முதல் செருப்புத் தைப்பதுவரை தாமே செய்தார்கள். ரமளானில் முஸ்லிம் சிறுவர்கள் நோன்பு நோற்க ஊக்கமளிக்கப்பட்டது. மற்றவர்களும் அவர்களோடு சேர்ந்து நோற்றார்கள்.

அந்தப் பண்ணை சில ஆண்டுகளே நடந்தது. போராட்டத்தின் தேவை தீர்ந்ததும் கலைந்தது. நடந்தவரை நன்கு நடந்ததற்கு இரண்டு காரணங்கள் தெளிவாகத் தெரிகின்றன. நிலத்திற்குக் கடன் இல்லை. அனைவரும் ஏற்ற ஓர் ஒழுங்கு இருந்தது. கூடி நிலம் வாங்க விரும்பும் நம்மவர்கள் இவ்விரண்டையும் கவனிக்க வேண்டும். யார் பெயரில் பத்திரம், ஒருவர் விலகினால் அவர் பங்கு என்னவாகும், ஒருவர் மறைந்தால் வாரிசுகளுக்கு எவ்விதம் சேரும் என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளாமல் நட்பை மட்டும் நம்பி இறங்கினால், நிலத்தோடு நட்பும் போய்விடும்.

கொடுக்கல் வாங்கலில் கவனம்

நிலம் வாங்கும்போது பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று ஆகியவற்றைச் சரிபார்ப்பது அனைவரும் அறிந்தது. நம் ஊர்களில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அந்த நிலம் எப்போதாவது பள்ளிவாசலுக்கோ தர்ம காரியத்திற்கோ வக்ஃபு செய்யப்பட்டதா என்பதை ஊர் ஜமாஅத்திலும் வக்ஃபு வாரியப் பதிவிலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வாங்க வசதியில்லாதவர்கள் ஒத்திக்கு நிலம் எடுக்க நினைக்கிறார்கள். உழவருக்கு ஒரு தொகை கடனாகக் கொடுத்து, அவர் திருப்பித் தரும்வரை நிலத்தின் விளைச்சலைத் தாம் அனுபவிப்பது ஒத்தி, போக்கியம் என்று வழங்குகிறது. கொடுத்த கடன் குறையாமல் திரும்பி வர, இடையில் விளைச்சலும் கிடைத்தால், அது கடனுக்குப் பெறும் ஆதாயம், அதாவது வட்டி. பெயர் மாறியதால் பொருள் மாறிவிடாது. ஹலாலான வாழ்வைத் தேடிக் கிராமத்திற்குச் செல்கிறவர் இந்தக் கதவு வழியாக நுழையலாகாது.

மாற்று வழிகள் உள்ளன. குறித்த பணத்திற்குக் குத்தகை எடுக்கலாம். அல்லது வாரத்திற்குச் செய்யலாம். கைபர் நிலங்களை, விளைவதில் பாதி என்ற ஒப்பந்தத்தில் நபிகளார் (ஸல்) அவர்கள் உழுகிறவர்களிடம் விட்டிருந்தார்கள். வாரத்தின் விவரங்களில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், ஒரு நெறி தெளிவானது: பாதி, மூன்றில் ஒன்று என்று மொத்த விளைச்சலில் பங்கு பேச வேண்டும். வாய்க்காலோரத்து விளைச்சல் எனக்கு, மேட்டு விளைச்சல் உனக்கு என்று இடம் பிரித்துப் பேசுவது விலக்கப்பட்டது. ஒரு பக்கம் விளைந்து மறுபக்கம் அழிந்தால் ஒருவர் வெறுங்கையோடு போக நேரிடும் அல்லவா?

அறுவடை வந்ததும் உஷ்ரை மறவாதீர்கள். மழையாலும் ஆற்று நீராலும் தானே பாய்ந்து விளைந்ததில் பத்தில் ஒன்று. இறைத்துச் செலவு செய்து விளைவித்ததில் இருபதில் ஒன்று. ஷாஃபிஈ மத்ஹபில் உணவாகச் சேமித்து வைக்கும் விளைபொருள்களுக்கே இது உண்டு. அளவும் ஐந்து வஸக், அதாவது ஏறத்தாழ 650 கிலோவை எட்ட வேண்டும். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ குறைந்த அளவு எதையும் நிபந்தனையாக்கவில்லை. உங்கள் நிலத்தின் நிலையைச் சொல்லி, ஊர் ஆலிமிடம் கேட்டுச் செயல்படுங்கள். அன்றாடம் கூலிக்கு வந்து நாற்று நடும் பெண்களின் கூலியை அன்று மாலையே கொடுத்துவிடுங்கள். ஊரில் உங்கள் பெயரை நிலைநாட்டுவது அதுவே.

ஒரு பட்டம் பொறுங்கள்

முன்னர் கூறிய குடும்பம் கடையை விற்கவில்லை. தந்தை ஆவணி முதல் மாசிவரை வாரத்தில் மூன்று நாள் ஊரிலும் நான்கு நாள் கடையிலுமாக இருந்தார். விதைப்பிலிருந்து களத்துமேடுவரை அந்த முதியவரின் பின்னால் நடந்து கற்றார். கார்த்திகையில் ஒரு வாரம் பயிர் நீரில் நின்றது. அறுத்த நெல் ஈரப்பதம் மிகுந்ததால், மூன்று நாள் காயவைத்துக் காத்திருந்து போட்டார்கள். கணக்குப் பார்த்ததில் நெல்லில் மிஞ்சியது சொற்பம். உளுந்தில் சற்றுக் கூடுதல். தங்கை வீட்டிற்கு ஒரு மூட்டை நெல் சென்றது. கோடை விடுமுறையில் அம்மையாரும் பிள்ளைகளும் ஊரில் ஒரு மாதம் தங்கினார்கள். மூத்த மகளுக்குப் பத்தாம் வகுப்பு முடியும்வரை கடலூரிலேயே இருப்பதென்றும், அதன் பிறகு அம்மையார் சரியென்றால் குடிபோவதென்றும் பேசி வைத்திருக்கிறார்கள். இறுதிச் சொல் அம்மையாரிடம் இருக்கிறது. அது நல்ல ஏற்பாடென்றே எனக்குத் தோன்றுகிறது.

வாசகர்களே! நீங்களும் இந்த எண்ணத்தில் இருந்தால், விதைப்பு முதல் உளுந்து பிடுங்கும்வரை ஒரு முழுப் பட்டம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். விளைச்சலே இல்லாவிட்டாலும் ஓராண்டு குடும்பம் நடத்தச் சேமிப்பு இருக்கட்டும். நகரத்துத் தொழிலில் ஒரு கிளையையேனும் கையில் வைத்திருங்கள். பயிர்க் காப்பீட்டுக்குக் கெடு தேதிக்குமுன் பணம் கட்டிவிடுங்கள். எல்லாவற்றிற்கும் முன்பாக, உடன்பிறந்த பெண்களின் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். பிறர் உரிமை கலந்த மண்ணில் எத்தனை மூட்டை விளைந்தாலும் அதில் பரக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தும் விதைத்த பயிரிலிருந்தும் மனிதன் உண்டாலும், பறவை கொத்தினாலும், கால்நடை மேய்ந்தாலும் அது அவருக்குத் தர்மமாகிறது என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அந்த நன்மையைப் பெற நான்கு ஏக்கர் வேண்டியதில்லை. நகரத்திலேயே தங்க நேரிடுகிறவர்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கையை ஊன்றலாம். ஊருக்குச் செல்கிறவர்களுக்கு அல்லாஹ் நல்ல மழையையும், அவர்களுடைய பெண்மக்களுக்கு நல்ல அண்டை வீட்டாரையும் தருவானாக! ஆமீன்.